படை மருந்து போட்டும் நிற்காத அரிப்பு

கேள்வி: வயது 56. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. மாதவிடாய் நின்று 6 வருடம். இரண்டு வருடமாகப் பிறப்புறுப்பில் அரிப்பு, ராத்திரி தூக்கமே இல்லை. தோலும் வெளுத்துவிட்டது. மெடிக்கலில் படைக்குத் தரும் டியூப் போட்டால் நாலு நாள் அடங்கி மறுபடி வருகிறது. வெண்குஷ்டமா? வீட்டுக்காரருக்கு ஒட்டுமா?

பதில்: வெண்புள்ளி என்றே சொல்லுங்கள் அம்மா, குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் நிறம்தான் போகும், இப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு பொதுவாக இருக்காது. உங்களுக்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் அழற்சி இருக்கலாம். மாதவிடாய் நின்ற வயதில் அதிகம் வரும். தோல் வெளுத்து, வெங்காயச் சருகுபோல மெலிந்து சுருங்கும். லேசாக உரசினாலே வெடிக்கும், சிறுநீர் பட்டால் எரியும். ஆசனவாய் வரைகூடப் பரவும். ஆனால் யாருக்கும் ஒட்டாது.

அந்த டியூப் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் பல படை மருந்துகளில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். நாலு நாள் அடங்கியது அதனால்தான் இருக்கும். இந்த நோய்க்கு முதல் மருந்தே ஸ்டீராய்டுதான், ஆனால் கலப்படமில்லாமல், கணக்கோடு. குளோபெட்டசால் 0.05% ஆயின்ட்மென்ட்டை முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை என்று வழக்கமாகக் கொடுப்போம். ஆள்காட்டி விரலின் மேல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், ஒரு தடவைக்கு அது போதும். 30 கிராம் டியூப் மூன்று மாதமும் வரும். கிரீம் சிலருக்கு எரியும், ஆயின்ட்மென்ட்டே கேளுங்கள். 'ஸ்டீராய்டு தோலைக் கெடுத்துவிடும்' என்று யாராவது பயமுறுத்துவார்கள். இங்கே தோலைத் தழும்பாக்குவது நோய்தான், பாதியில் நிறுத்தினால் அதற்குத்தான் லாபம்.

இதைப் படித்துவிட்டு நீங்களே வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை இருந்தால் பூஞ்சைத் தொற்றும் இப்படித்தான் அரிக்கும், அதனால் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் சதைப் பரிசோதனை தேவை. இந்த நோயில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகப் புற்றுநோய் வரலாம், எனவே அரிப்பு நின்ற பிறகும் வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

அதுவரை சோப்பு, டெட்டால் இரண்டும் வேண்டாம். வெறும் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் வாசலின். மழையில் நனைந்தால் உள்ளாடையை உடனே மாற்றுங்கள்.

20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருவது சிரமம்தான். ஆனாலும் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் ஓ.பி. சீட்டு போடும்போதே கேளுங்கள்.