ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு சிதறியது ஏன்?

கேள்வி: பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, 1918இல் சில வாரங்களுக்குள் சிதறிப்போனது. அத்தனை இனங்களை ஒரே குடைக்கீழ் வைத்திருந்ததுதான் அதன் அழிவுக்குக் காரணமா?

பதில்: அப்படித்தான் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது, என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 கோடிப் பேர் வாழ்ந்த அந்த நாட்டில் எந்த மொழியினரும் பாதியளவை எட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் செக் மக்களும் போலந்து மக்களும் ஸ்லோவேனியரும் முதல் உலகப்போருக்கு முன்பு பெரும்பாலும் கேட்டது, பேரரசுக்குள் தங்களுக்குரிய பங்கைத்தான். 1897இல் ஆஸ்திரியப் பிரதமர் பதேனி, செக் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பொஹீமியா மாகாணத்தின் அரசு அலுவலர்கள் செக், ஜெர்மன் ஆகிய இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, ஜெர்மானியக் கட்சியினர் நாடாளுமன்றத்தை முடக்கினர். தெருக்களில் கலகம் மூண்டு அவர் பதவியிழந்தார். அலுவலகத்தில் எம்மொழி என்று மோதிக்கொண்டவர்கள், அந்த அலுவலகம் தங்களுடையது என்றும் கருதியிருக்கிறார்கள்.

ஆழமான பழுது 1867ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இருந்தது. பிரஷ்யாவிடம் தோற்ற மறு ஆண்டு, பேரரசர் பிரான்ஸ் ஜோசப் நாட்டை ஆஸ்திரியா, ஹங்கேரி என்று இரண்டாக்கி, படை, வெளியுறவு, அவற்றுக்கான நிதி ஆகியவற்றை மட்டும் பொதுவில் வைத்தார். எஞ்சிய இனங்களுக்கு மூன்றாவது நாற்காலி கிடைக்கவில்லை. 1871இல் பொஹீமியாவுக்குத் தன்னாட்சி தரும் திட்டம் எழுந்தபோது அதை முறியடித்தவர்களுள் ஹங்கேரியப் பிரதமர் அந்த்ராஷியும் ஒருவர். ஆஸ்திரியாவில் 1907இல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஹங்கேரியிலோ மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினருக்குக்கூட அது இல்லை.

இந்த அமைப்பின் கோளாறு, போரில் பசியாக வெளிப்பட்டது. ஆஸ்திரியாவின் வடகிழக்கு மாகாணமான கலீசியாவின் வயல்கள் போர்க்களமாயின. நேச நாடுகளின் கடல் முற்றுகை இறக்குமதியை நிறுத்தியது. தானியம் வைத்திருந்த ஹங்கேரி, தன் மக்களுக்கும் படைக்கும் போக, ஆஸ்திரியாவுக்கு மிகக் குறைவாகவே அனுப்பியது. ஒரே மன்னரின் குடிகள் எல்லையின் ஒரு பக்கம் உண்ண, மறுபக்கம் ரொட்டிக்கு வரிசையில் நின்றனர் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. 1918 ஜனவரியில் மாவுப் பங்கீடு மேலும் குறைக்கப்பட்டதும், வீனர் நாய்ஷ்டாட்டில் தொடங்கிய வேலைநிறுத்தம் வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் பரவியது. சோறிட முடியாத அரசிடம் பங்கு கேட்டு என்ன பயன் என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

அக்டோபர் 16 அன்று புதிய பேரரசர் கார்ல், ஆஸ்திரியாவைக் கூட்டாட்சியாக்குவதாக அறிவித்தார். அப்போதும் ஹங்கேரிக்கு விலக்கு அளித்தார். செக், ஸ்லோவாக் மக்களுக்குத் தனிநாடு கோரி வெளிநாட்டில் இயங்கிய செக்கோஸ்லோவாக் தேசிய மன்றத்தை நேச நாடுகள் அதற்குள் அங்கீகரித்துவிட்டிருந்தன. அக்டோபர் 28 காலையில் பிராகில் செக் தலைவர்களான ஷ்வேஹ்லாவும் சௌகுப்பும் ஆட்சியைக் கையிலெடுக்கப் புறப்பட்டபோது முதலில் சென்ற இடம், போர்க்காலத் தானிய நிறுவனம். அங்கிருந்த தானியம் இனிப் போர்முனைக்குச் செல்லக்கூடாது என்பதே அவர்கள் நோக்கம்.