நாயும் பூனையும் கதவு, வாசக்காலைக் கீறுகின்றன. வாடகை வீடு. எப்படித் தடுப்பது?

படுக்கையறைக் கதவின் ஹால் பக்கம் கீழ்ப்பாதி முழுக்க லேப்ரடார் போட்ட கோடு, பூனையால் வாசக்கால் முனை சிராய் சிராயாக, ஓனர் அட்வான்ஸில் கை வைப்பாரோ என்ற பயம். உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். கதவைக் காப்பது சுலபம். வாசக்கால்தான் வேலை வாங்கும்.

முதலில் ஒன்று: அந்தக் கதவை மூடி வைத்தே ஆக வேண்டுமா? பெரும்பாலான நாய்கள் மூடிய கதவைத்தான் பிராண்டும். சுவரில் ஒரு டோர் மேக்னட் போட்டுக் கதவைத் திறந்தே நிறுத்தி, நாய் உள்ளே போகக் கூடாதென்றால் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு கேட்டை இடையில் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால், ஆன்லைனில் விற்கும் ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் ஷீட்டை வாங்காதீர்கள். லேப்ரடார் நகத்துக்கு அது காகிதம் மாதிரி. அதைவிட மோசம், உரிக்கும்போது பாலிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். இரட்டைப் பக்க டேப்புக்கும் இதே கதை. கண்ணில் படாத ஓர் இடத்தில், கதவின் மேல் விளிம்பில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது பழைய அரக்கு பாலிஷ். அதன்மேல் எதையும் ஒட்டவே கூடாது. மெலமைன், பியூ (பாலியூரிதேன்) பூச்சு என்றாலும் பழையதாக இருந்தால் துணிந்து ஒட்டமாட்டேன்.

ஸ்க்ரூ போட்டு மாட்டும் 2 மி.மீ. கெட்டி பாலிகார்பனேட் ஷீட்தான் என் தேர்வு. கூரைக்குப் போடும், உள்ளே குழல் குழலாக இருக்கும் ரகம் வேண்டாம். பெயர்ப் பலகை செய்யும் கடைகளில் கேட்டால் அளவுக்கு வெட்டித் தருவார்கள். அக்ரிலிக் மலிவுதான், ஆனால் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் விடும். நாய் குதித்து மோதும் இடத்தில் அது நிற்காது.

அளவெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாயை முன்னங்கால் தூக்கி நிற்க வைத்து, நகம் எட்டும் உயரத்துக்கு மேல் 10 செ.மீ. கூட்டுங்கள். லேப்ரடாருக்கு அது கைப்பிடி வரை வந்துவிடும். கதவு அறைக்குள் திறப்பதாக இருந்தால், ஹால் பக்கம், வாசக்காலில் கதவு முட்டி நிற்கும் படி கதவு விளிம்பின்மேல் ஏறக்குறைய ஒன்றேகால் செ.மீ. ஏறி உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்து வைத்து முழு அகலத்தையும் அளந்து ஷீட் வெட்டினால் கதவு மூடாது. அதனால் கதவை மூடிவிட்டு, ஹாலில் நின்று, கண்ணுக்குத் தெரியும் அகலத்தை அளந்து, இரு பக்கமும் 5 மி.மீ. குறையுங்கள். அடியில் 1 செ.மீ. விடுங்கள். இல்லையென்றால் மாப் போடும் தண்ணீர் ஷீட்டுக்குப் பின்னால் ஏறித் தங்கும். அதே காரணத்தால் சிலிக்கான் பூசி அடியை அடைக்கவும் கூடாது. மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், கூர் மூலையில்தான் நகம் மாட்டும்.

4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஷீட்டில் 6 மி.மீ. ஓட்டை போட வேண்டும். வெயிலில் பாலிகார்பனேட் மரத்தைவிட நிறையவே நீளும். மீட்டருக்கு 20 டிகிரி ஏற்றத்தில் 1.3 மி.மீ. அளவு. ஓட்டை இறுக்கமாக இருந்தால் ஷீட் நடுவில் உப்பி, நாய் தொடும்போதெல்லாம் படபடவென்று சத்தம் வரும். தலை உருண்டையான ஸ்க்ரூவும் வாஷரும் போதும். தலை உள்ளே புதையும் ரகம் ஓட்டையைப் பிளக்கும். நீளம் அரை அங்குலம், 25 முதல் 30 செ.மீ.க்கு ஒன்று. 70 x 95 செ.மீ. ஷீட்டுக்கு 12 ஸ்க்ரூ ஆகும். நான்கு மூலையில் மட்டும் போட்டால் இடைவெளியில் நகம் நுழைந்துவிடும். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னர் பட்டால் ஷீட் மங்கி விரிசல் விடும்.

ஓட்டை போட ஓனரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். காலி செய்யும்போது 12 சின்ன ஓட்டையை மர நிற மெழுகால் அடைப்பது பத்து நிமிட வேலை. கீறிய வெனீரை, அதாவது கதவின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தகட்டை, சரிசெய்வது அப்படியல்ல. ஃப்ளஷ் கதவின் வெனீர் அரை மி.மீ. அளவுதான், 120 உப்புத்தாளை மெஷினில் போட்டால் சில நிமிடத்தில் அடியிலுள்ள பிளை தெரிந்துவிடும். மைக்கா ஒட்டிய கதவைத் தேய்க்கவே முடியாது. அதனால் இப்போதே ரிப்பேர் பார்க்காதீர்கள். சிராயை மட்டும் 180 தாளால் மர ரேகையோடு கையால் தேய்த்து, வெறும் மரம் தெரியும் இடத்தில் ஒரு கோட் சீலர் பூசி, மேலே ஷீட்டை மாட்டிவிடுங்கள். முழு ரிப்பேர் காலி செய்யும்போது ஒரே தடவை. ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. காய்ந்தபின் அந்த இடம் ஸ்டெயினைக் குடிக்காது, தழும்பு போலத் தனியாகத் தெரியும்.

வாசக்காலின் வெளி முனைக்கு 1 x 1 அங்குல அலுமினிய எல் ஆங்கிள், மேலிருந்து கீழாக 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. கதவு வந்து உட்காரும் படியிலும் கீல் பக்கத்திலும் இது போடவே முடியாது, அங்கே இடமில்லை. ஆங்கிளின் இரு விளிம்பையும் உப்புத்தாளால் மழுக்காமல் விட்டால் உங்கள் காலைத்தான் முதலில் கிழிக்கும்.

பூனைக்கு ஆங்கிள் மட்டும் போதாது. அது வெளியே போவதற்காகக் கீறுவதில்லை. உடம்பை நீட்டவும், பழைய நக உறையைக் கழற்றவும், பாதத்து வாசனையை அங்கே பூசி வைக்கவும் கீறுகிறது. இந்த வாசக்காலை மூடினால் அடுத்த வாசக்காலுக்குப் போகும். அதற்கென ஒரு தூண் வேண்டும், பூனை முழுக்க நீண்டாலும் எட்டும் உயரத்தில். 110 மி.மீ. பிவிசி பைப்பை 80 செ.மீ. வெட்டி, 18 மி.மீ. பிளைவுட்டில் 45 x 45 செ.மீ. அடிப்பலகை போட்டு, பைப் மூடியை அதில் ஸ்க்ரூவால் இறுக்கி, பைப்பை அதில் செருகி, உள்ளே காய்ந்த மணல் நிரப்புங்கள். ஆடும் தூணைப் பூனை ஒருமுறைதான் தொடும். மேலே 8 மி.மீ. கயிறு, சுற்று ஒன்றுக்கு 37 செ.மீ., நூறு சுற்று, ஆக 37 மீட்டர். 40 ஆக வாங்குங்கள். வழுவழு பைப்பில் கயிறு சறுக்கும். முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மேலும் கீழும் ஐந்தைந்து சுற்றுக்கு ரப்பர் பசை போடுங்கள். தூணை அறை மூலையில் வைக்காதீர்கள், இப்போது கீறும் வாசக்காலை ஒட்டியே வையுங்கள். பழகியபின் தினமும் ஒரு சாண் நகர்த்தலாம்.

பாச்சா உருண்டை வைத்துப் பூனையை விரட்டும் யோசனை யாராவது சொல்வார்கள். அது பூனைக்கு விஷம். மிளகாய்த்தூளும் வேண்டாம், பாதத்தில் ஒட்டி நேரே கண்ணுக்குப் போகும்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் நாய் கீறுகிறது, கதவடியில் எச்சில் குளம், நகத்தில் ரத்தம் என்றால் ஷீட் வைத்தியமல்ல, தனிமை பயம் அது. கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் மட்டும் வருவது வேறு. அந்தச் சில நாள் உள் அறையில் துணை இருப்பது உதவும்.

நாயின் நகத்தை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். வெட்டியவுடன் விட்டுவிடாதீர்கள். புதிதாக வெட்டிய முனை பழையதைவிடக் கூராக இருக்கும், முதல் இரண்டு நாள் கீறல்தான் ஆழமாக விழும். நகத்துக்கு இரண்டு இழுப்பு அரம் போட்டு மழுக்கிவிடுங்கள்.