அம்மாவை ஓசூருக்கு அனுப்பிவிட்டு அம்மா வாசத்தில் ஒரு காக்டெயில்

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு 40 வயது. பெங்களூரில் வேலை, அம்மா என்னோடுதான் இருக்கிறார். பிறந்தநாளுக்குத் தோழிகள் ஆறு பேரைக் கூப்பிட்டு, எனக்கு ரொம்பப் பிடித்த 4711 யூடிகோலன் வாசத்தில் நானே ஒரு காக்டெயில் செய்து தர ஆசை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா அதில் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போடுவார், அந்த வாசம். பாட்டிலிலிருந்தே இரண்டு சொட்டு விடலாமா? வேறு என்ன சேர்க்கலாம்? (நான் எப்போதாவது குடிப்பது அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்கு அவரை ஓசூரில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அதனால் பிரச்சினை இல்லை.)
- வாசகி, பெங்களூரு

பதில்: பாட்டிலிலிருந்து விடாதே, ஒரு சொட்டுகூட. வாசனைத் திரவியத்துக்குப் போகும் ஆல்கஹாலில், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் எதையாவது கலந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் யூடிகோலனைக் குடித்தார்களே என்று உன் தோழி யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் அதை மருந்து என்று உள்ளுக்கும் சாப்பிட்டார்கள்; 1810இல் நெப்போலியன், மருந்து விற்பவர்கள் செய்முறையைச் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு போட்டதும், ரகசியத்தை விட மனசில்லாமல் இது வெறும் வாசனைத் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சரக்கு வேறு, உன் அலமாரியில் இருப்பது வேறு.

சரி, இப்போது அடைப்புக்குறிக்குள் போட்டாயே, அதற்கு வருகிறேன்.

ஆறு பேர் கையிலும் கிளாஸைக் கொடுத்து என்ன சொல்வாய்? எங்க அம்மா வாசம் என்றுதானே? அதில் ஒருத்தி, அம்மா எங்கேடி என்று கேட்டால்?

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. வீட்டில் விருந்து என்றால் பெரியவர்களை இரண்டு நாள் எங்காவது அனுப்பிவைப்பது, அதையும் ஏதோ அவர்களுக்கு மாறுதல் என்பது போலச் சொல்லிக்கொள்வது. அக்காவுக்கு அன்று சௌகரியப்படுமா என்று கேட்டதாகக்கூட நீ எழுதவில்லை. அம்மாவுக்குத் தெரியாதாம்! நெற்றியில் கை வைத்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, சிங்க் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் ஏழு கண்ணாடி டம்ளரையும் ஃப்ரிட்ஜில் தோல் சீவின எலுமிச்சம்பழங்களையும் பார்த்துவிட்டு ஜூஸ் போட்டிருப்பாள் என்றா நினைப்பார்? தெரியும், சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

எனக்குக் குடி பிடிக்காது. ஆனாலும் 40 வயதுப் பெண் தன் சம்பளத்தில் ஒரு கிளாஸ் குடிப்பதற்கு நான் பஞ்சாயத்து வைக்கப்போவதில்லை. அம்மாவை நான்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவள், அந்த வீட்டில் அம்மா இருக்கக் கூடாத ஒரு நாளை ஏற்பாடு செய்யக் கூடாது. அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அது அவர் வீடும்தான்.

அதனால் இந்த வாரமே சொல்லிவிடு. காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல், போனில் வேண்டாம். திட்டுவார், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருப்பார், வாங்கிக்கொள். அப்புறம் அவராகவே ஓசூர் போகிறேன் என்றால் போகட்டும், அது அவர் முடிவு.

இனி சமையல். 4711இல் முக்கியமாக இருப்பது பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்), எலுமிச்சை, ஆரஞ்சு, நெரோலி (ஆரஞ்சுப்பூத் தைலம்), ரோஸ்மேரி, லாவண்டர். பெர்கமோட் பழத்துக்கு அலைய வேண்டாம், எர்ல் கிரே டீக்கு வாசம் கொடுப்பதே அதுதான். ஏழு பேருக்கு 350 மில்லி ஜின்னில் இரண்டு மேசைக்கரண்டி டீத்தூளை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டு. ராத்திரி முழுக்க விட்டால் துவர்த்துப்போகும். ஒரு கிளாஸுக்கு அதில் 45 மில்லி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் 20 மில்லி வீதம், ஆரஞ்சுப்பூ நீர் இரண்டு மூன்று சொட்டு. நெரோலி தைலம் வடிக்கும்போது கூடவே கிடைப்பது அந்த நீர், கை தவறினால் சோப்பு வாசம் தூக்கிவிடும், லாவண்டரும் அப்படியே, அதை விட்டுவிடு. ஐஸோடு குலுக்கி வடித்து, மேலே கொஞ்சம் சோடா. முக்கியமான வேலை கடைசியில்: எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கு. வாசம் தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது, சாற்றில் தேடாதே.

அம்மா இருந்தால் அவருக்கு ஜின்னுக்குப் பதில் ஆறவைத்த எர்ல் கிரே டிகாக்ஷன், மற்றதெல்லாம் அதே. ராத்திரி டீ குடித்தால் தூக்கம் வராது என்பாரானால் டீயையும் விட்டுவிட்டுச் சோடாவைக் கூட்டிக்கொள். டீ சேர்த்தால் எல்லா கிளாஸும் பார்க்க ஒரே நிறமாகத்தான் இருக்கும், அவருடைய கிளாஸில் ஒரு கொத்து ரோஸ்மேரியைச் செருகி அடையாளம் வை.