வீட்டுக்குத் தெரியாமல் 16 வயது மாணவிக்குக் கவுன்சலிங் கொடுக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கவுன்சலராக இருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவி "எங்க வீட்ல மட்டும் சொல்லிராதீங்க" என்கிறாள். தொடர்ந்து பேசலாமா என்பது உங்கள் கேள்வி.

பேசலாம். சிகிச்சை தொடங்கக்கூடாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் சிறார். மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் சிகிச்சைக்கும் அவருடைய காப்பாளர்தான் (பெரும்பாலும் பெற்றோர்) சம்மதம் தர வேண்டும். துணைக்கு அத்தையோ சித்தியோ வரலாம், காப்பாளர் இருக்கும்போது அவர்கள் கையெழுத்து செல்லாது. பள்ளி அறையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் தனி விதி இல்லை. முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளைக் கையெழுத்துக்காகத் தள்ளிப்போட்டால் பிள்ளை திரும்ப வரவே மாட்டாள். வாரக்கணக்கில் நீளும் என்று தெரிந்தால் வீட்டுச் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

பெரிய தவறு நடப்பது முதல் ஐந்து நிமிடத்தில்தான். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது இங்கேயே இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராச்சும் உன்கிட்ட தப்பா நடந்திருந்தாலோ நான் சொல்லித்தான் ஆகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி பாலியல் குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. 'நாங்க விரும்பித்தான்' என்று அவளே சொன்னாலும் 18 வயதுக்குள் அந்தச் சம்மதம் செல்லாது. இதை முன்பே சொல்லாமல் அவளைப் பேசவைத்துவிட்டுப் பிறகு புகார் கொடுத்தால், அது அவளுக்கு நம்பிக்கைத் துரோகம். குற்றம் செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டுக்குச் சொல்லாமல் நேரே காவல்துறைக்குச் சொல்லுங்கள்; உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அழையுங்கள். காப்பாளர் தகுதியற்றவர் என்றால் அவருக்குப் பதில் வேறொருவரை நியமிக்க, அதே மனநலச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் செய்யுங்கள். இரவு பகலாக 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவித் தொலைபேசி உண்டு.

இதெல்லாம் இல்லாத சாதாரண நிலையில், முதலில் அம்மாவிடமா அப்பாவிடமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். சொல்லும்போது "சரியாத் தூங்க மாட்டேங்குது, கொஞ்ச நாள் பேசுனா நல்லாயிரும், உங்க சம்மதம் வேணும்" என்பதே போதும். சம்மதம் கொடுத்தார்கள் என்பதற்காக அவள் சொன்னதையெல்லாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் அவளுக்கு எதுவும் அனுப்பாதீர்கள். பல வீடுகளில் அந்த போன் அப்பாவுடையது.

அடுத்த ஜூனில் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தில் கவுன்சலிங்குக்குப் பொதுச் சம்மதம் வாங்கி வையுங்கள். எல்லோரும் கொடுக்கும் கையெழுத்து என்பதால் எந்தப் பிள்ளையும் தனித்துத் தெரியாது.