சிக்கனமாகக் கான்கிரீட் வீடு கட்டக் கற்பவர்களுக்கு: கேள்வி பதில்

சிறிய கான்கிரீட் வீடுகளைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்ட விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் கொத்தனார். சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆசை. முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கைவேலை உங்களிடம் இருக்கிறது. இனி வேண்டியது கணக்கு. வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு பொருள் ஆகும் என்று சொல்லத் தெரியும்வரை தொகை பேசாதீர்கள்.

40 சதுர மீட்டர் தளம், 120 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். 4.8 கன மீட்டர் வரும். 1:1½:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், ஆக மொத்தம் ஏறத்தாழ 39 மூட்டை. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அங்கங்கே தாழ்ந்து சராசரி கனம் 130 மி.மீ. ஆகிவிட்டால் 3 மூட்டைக்கு மேல் கூடுதலாகப் போகும். மணல், ஜல்லி தனி. வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உங்கள் லாபம்தான் கரையும். கான்கிரீட் போடும் முன் நூல் கட்டி மட்டம் பார்க்க அரை மணி நேரம் போதும்.

சார், படிப்பை முடித்துவிட்டுக் களத்துக்கு வந்திருக்கிறேன். சிமென்ட், கம்பியில் கை வைக்காமல் செலவை எங்கே குறைப்பது?

வரைபடத்தில். களத்தில் குறைப்பதெல்லாம் பெரும்பாலும் திருட்டாகத்தான் முடியும்.

36 சதுர மீட்டர் வீட்டை 6 × 6 என்று போட்டால் வெளிச்சுவர் 24 மீட்டர். அதையே 3 × 12 என்று நீட்டினால் 30 மீட்டர். பரப்பு ஒன்றுதான், ஆனால் அஸ்திவாரம், சுவர், பூச்சு, பெயின்ட் எல்லாம் 6 மீட்டருக்குக் கூடும். அடுத்து, அறையின் அகலம். இரண்டு சுவர்மேல் உட்காரும் தளத்தில் இடைவெளி 3 மீட்டரிலிருந்து 4 மீட்டரானால், ஒரே கனத்தில்கூட வளைக்கும் விசை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். கம்பியும் கனமும் அதற்கேற்ப ஏறும். 400 மி.மீ. நீள பிளாக் வாங்குகிறீர்கள் என்றால் சுவர், ஜன்னல், கதவு அளவுகளை முடிந்தவரை 200-ன் மடங்கில் வையுங்கள். வெட்டி வீணாகும் துண்டு குறையும். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கமும் வந்தால் குழாய் மிச்சம்.

வீடு முழுவதையும் அச்சில் வார்த்துவிட்டால் மலிவாகாதா?

வீடு ஒன்றா, நூறா என்பதைப் பொறுத்தது. எடிசன் இதைத்தான் முயன்றார். 1908-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1917-ல் பெற்றார். ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட அச்சுக்கு ஆகும் பணம் கட்டுமானக்காரர்களைப் பின்வாங்க வைத்தது. ஒரே வரைபடத்தில் வீடுகள் தொடர்ந்து கிடைத்தால் அலுமினிய அச்சு நல்ல வழி. தொடக்கத்தில் நல்ல பலகையும் அதைத் தாங்கும் முட்டுகளும் வாடகைக்கு எடுங்கள், போதும்.

கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் தண்ணீர் கேட்கிறார்கள். கொஞ்சம் ஊற்றினால் என்ன?

நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். கான்கிரீட்டின் பலம் தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். சிமென்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பிறகு வற்றி, நுண்துளைகளை விட்டுச் செல்லும். பலம் குறையும், கசியும், கம்பி துருப்பிடிக்கும். கூடுதல் சிமென்ட் போட்டு வாங்கிய பலத்தை ஒரு வாளித் தண்ணீர் தின்றுவிடும்.

பொறியாளர் 0.5 விகிதம் கொடுத்தால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் கழிக்க வேண்டும். அளந்த வாளி ஒன்றை மிக்சர் பக்கத்திலேயே வையுங்கள், ஹோஸ் வேண்டாம். இளக்கம் தேவை என்றால் அதற்கான ரசாயனக் கலவை இருக்கிறது, வைப்ரேட்டரும் இருக்கிறது.

கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனையையும் பழகுங்கள். 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காகக் கலவையை நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, மேலே மட்டம் தட்டி, கூம்பை நேராகத் தூக்க வேண்டும். கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். முதல் மிக்சருக்கும் பத்தாவது மிக்சருக்கும் இறக்கம் மாறினால், யாரோ தண்ணீரைக் கூட்டிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்படலாம்.

கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் எத்தனை நாள் கட்ட வேண்டும்?

சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் அல்லது கசடு கலந்த சிமென்டுக்கு 10 நாள். வெயிலும் காற்றும் கடுமை என்றால் இன்னும் கூட்டுங்கள். தளத்தில் பாத்தி கட்டுங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். காலையில் ஒரு முறை தெளித்துவிட்டுப் போவது கணக்கில் வராது.

கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லிக்கல் வைத்தால் போதாதா?

போதாது. நகர்ந்துவிடும். கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம் தளத்துக்கு 20, பீமுக்கு 25, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு. வரைபடத்தில் கூடுதலாக இருந்தால் அதுதான் செல்லும். இதைவிட என்னைப் பதறவைப்பது சன்ஷேடும் பால்கனியும். அவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே போய்விட்டால், முட்டுகளைப் பிரித்ததும் விழலாம், ஆட்களின் தலைமேலேயே. கம்பிக்கு அடியில் நாற்காலி போல வளைத்த கம்பி வைத்து, நடக்கத் தனிப்பலகை போடுங்கள். அன்றைக்கு நீங்களே நின்று பாருங்கள்.

முதல் வீட்டுக்குத் தொகை எப்படிப் பேசுவது?

முதல் வீட்டைக் கூலிக்கு மட்டும் எடுங்கள், பொருள் வீட்டுக்காரர் பொறுப்பு. எந்த சிமென்ட், எந்தக் கம்பி, என்ன கலவை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம். கூடுதல் வேலை கேட்டால் விலை பேசிய பிறகே தொடங்குங்கள். தூண், பீம் அளவுகளைப் பொறியாளர் சொல்லாமல் மாற்ற வேண்டாம், வீட்டுக்காரரே கேட்டாலும்.