தொடை பலமாக இருந்தால் கால்பந்தில் முட்டி தப்பிக்குமா?

"வாரம் மூன்று நாள் கால்பந்து ஆடுகிறேன். ஜிம்முக்குப் போய்த் தொடையை நன்றாக ஏற்றிவிட்டால் முட்டியில் அடிபடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி இடது முட்டியைக் கெடுத்துக்கொண்டவன் நான்.

அப்போது எனக்கு 26 வயது. எங்கள் அணியிலேயே என் தொடைதான் பெரிது. முன்தொடைக்கான லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் கடைசித் தட்டு வரை போட்டுத் தூக்குவேன், அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரு நாள் சாதாரணப் பயிற்சி ஆட்டம். பந்தோடு வந்தவனை மறிக்க ஓடினேன். அவன் சட்டென்று உள்பக்கம் வெட்ட, நானும் திரும்புவதற்காக இடது காலை ஊன்றினேன். யாரும் என்னைத் தொடவே இல்லை. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் கட்டிவைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் போய்விட்டது.

இது என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, கால்பந்தில் ஏசிஎல் கிழிவது பெரும்பாலும் இப்படித்தானாம். முட்டியில் நேரடி அடி விழாமலே கிழிகிறது. தொழில்முறை வீரர்களின் வீடியோக்களைப் பார்த்து ஆராய்ந்தவர்கள் மூன்று சந்தர்ப்பங்களை முக்கியமாகச் சொல்கிறார்கள்: எதிராளியை மறிக்கப் பாய்வது, பந்தை உதைத்தபின் தடுமாறி நிலைக்கு வருவது, ஹெடர் அடித்துவிட்டுத் தரையிறங்குவது. நான் முதல் வகை.

சரி, பெரிய தொடை ஏன் காப்பாற்றவில்லை? ஏசிஎல்லின் முக்கிய வேலை, கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் பிடித்துக்கொள்வது. தொடையின் முன்தசையான குவாட்ரிசெப்ஸ் சுருங்கும்போது, முட்டி கிட்டத்தட்ட நேராக இருந்தால், அதே எலும்பை முன்னால் இழுக்கிறது. அதாவது அந்த நேரத்தில் அது ஏசிஎல்லுக்கு எதிராக வேலை செய்கிறது. பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங்தான் எலும்பைப் பின்னால் இழுத்து ஏசிஎல்லுக்குத் தோள் கொடுப்பது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தீனி போட்டு வளர்த்த கதைதான் என் கதை.

இதனால்தான் ஃபிசியோக்கள் முன்தொடை, பின்தொடை விகிதம் பார்ப்பார்கள். பின்தசையின் பலம் முன்தசையின் பலத்தில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. எனக்கு அந்த எண்ணின் மேல் அவ்வளவு மயக்கம் இல்லை. 61 இருப்பவன் தப்புவான், 59 இருப்பவன் விழுவான் என்று முட்டிக்குக் கணக்குத் தெரியாது. தவிர, உட்கார்ந்த நிலையில் இயந்திரத்தில் அளக்கும் பலம் ஒன்று, ஓட்டத்தின் நடுவே காலை ஊன்றி நிறுத்தும்போது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் பலம் வேறொன்று.

இன்னொரு விஷயம் நேரம். கால் தரையில் பட்டதிலிருந்து சுமார் 40 மில்லிசெகண்டுக்குள் ஏசிஎல் கிழிந்துவிடுகிறது என்று வீடியோ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒருமுறை கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். முட்டி விலகுவதை உணர்ந்தபின் தசையை இறுக்கிக் காப்பாற்றலாம் என்பது நடக்காத காரியம். கால் படுவதற்கு முன்பே சரியான தசைகள் விழித்திருக்க வேண்டும், முட்டி கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், அது உள்பக்கமாகச் சாயாமல் இருக்க வேண்டும். கடைசி விஷயம் பெரிதும் இடுப்பின் பக்கத் தசைகள் கையில் இருக்கிறது. ஜிம்மில் அதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு, நானும் கண்டுகொண்டதில்லை.

வெறும் பலத்தை அளந்து யாருக்கு அடிபடும் என்று சொல்ல முடியுமா என்று நார்வேயில் பார்த்தார்கள். கால்பந்து, ஹேண்ட்பால் ஆடும் முதல்நிலை வீராங்கனைகள் 800-க்கும் மேற்பட்டவர்களின் கால் பலத்தை அளந்துவைத்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. ஏசிஎல் கிழிந்தவர்களையும் கிழியாதவர்களையும் பலத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வோ இடுப்புத் தசை பலவீனமானவர்களுக்குத்தான் அதிகம் கிழிந்தது என்றது. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும், பயிற்சி பயன் தருகிறதா என்ற கேள்விக்கு வந்தால் பதில் தெளிவாகவே இருக்கிறது. ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையிலான பெண்கள் 4,500-க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 15 நிமிட வார்ம்-அப். ஒற்றைக்கால் ஸ்குவாட், பிளாங்க், குதித்து இறங்குவது என்று எல்லாம் சாதாரண வேலைகள்தான். அதைச் செய்த அணிகளில் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைவு. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்பதால் அந்த எண் சின்ன விஷயமில்லை.

அதனால் உங்களுக்கு என் யோசனை, ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்-அப்பைத் தேடிப் பாருங்கள். 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், காசு பணம் வேண்டாம், வாரம் இரண்டு முறையாவது. அதில் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்று ஒன்று வரும். மண்டியிட்டு நிற்க, நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொள்வார், உடம்பை நேராக வைத்தபடி முன்னால் மெதுவாகச் சாய வேண்டும். இயந்திரத்தில் கடைசித் தட்டு தூக்கிய நான் முதல் நாள் பாதிகூடப் போகவில்லை, பொத்தென்று கையை ஊன்றி விழுந்தேன். என் பின்தொடையின் லட்சணம் அன்றுதான் புரிந்தது. முதல் வாரம் மூன்று நான்கு தடவை போதும், மறுநாள் படியிறங்கும்போது ஏன் என்று தெரியும்.

ஜிம்மை விட்டுவிடச் சொல்லவில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பக்கவாட்டில் காலை எடுத்துவைக்கும் பயிற்சிகள் எல்லாம் நல்லவைதான். ஒற்றைக்கால் ஸ்குவாட்டைக் கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே ஓடினால் எடையைக் கூட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவன் வந்து முட்டியில் மோதினால் அதற்கு எந்தத் தசையும் முழு உத்தரவாதம் தராது, அது வேறு கணக்கு. நல்ல பயிற்சியாளர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஸ்பெயின் வீரர் ரோட்ரிக்கும் 2024 செப்டம்பரில் ஏசிஎல் போனது. அடுத்த மாதம் உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் டோர் விருதை ஊன்றுகோலோடு வந்து வாங்கினார்.

முன்தசையின் அளவு உண்மையிலேயே தலையெழுத்தைத் தீர்மானிப்பது அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான். அது நம்ப முடியாத வேகத்தில் கரைந்துவிடும். ஆறாவது மாதம் எனக்கு வலி இல்லை, ஓட முடிந்தது, இறங்கிவிடலாம் என்று துடித்தேன். ஃபிசியோ அளந்து பார்த்தால் வலது காலின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இடதில் இருந்தது. 90 சதவீதம் வரும்வரை விடமாட்டேன் என்றார். அந்த வலது காலும் ஆறு மாதம் சும்மா இருந்து இளைத்திருந்தது, ஆகவே அசல் நிலைமை இன்னும் மோசம். இது பற்றியும் 2016-ல் ஓர் ஆய்வு வந்தது: ஒன்பதாவது மாதம் வரை, திரும்பி ஆட வருவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். நான் பதினொன்றாவது மாதம்தான் இறங்கினேன்.

அப்புறம், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முட்டிக்குள் சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் அது உருண்டையாக வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நான் அன்று, அறுவை சிகிச்சைக்கெல்லாம் முன்பு, ஐஸ் மட்டும் வைத்துக்கொண்டு, வீக்கம் வடிந்ததும் மூன்றாவது வாரம் மறுபடி ஆட இறங்கினேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு திருப்பத்தில் முட்டி மடங்கி, ஏசிஎல்லோடு, முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிந்தது.