தூக்க மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. எட்டு மாதமாக இரவில் தூக்கத்துக்கு அல்ப்ரசோலம் 0.5 மி.கி. போட்டுவந்தார். பழக்கமாகிவிடும் என்று பயந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டோம். மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது, மிக்சி ஓடினாலே தூக்கிவாரிப் போடுகிறது. பழைய பதற்றம் திரும்பிவிட்டதா? ஆன்லைனில் விற்கும் காபா மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பழைய பதற்றம் அல்ல, மாத்திரையைச் சட்டென்று விட்டதன் விளைவாகத்தான் தெரிகிறது. வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப்போய் இல்லாததைப் பார்த்துப் பேசினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? மூளையில் நரம்பணுக்களை உசுப்பிவிடும் வேதிப்பொருள் குளுட்டமேட், அடக்கிவைக்கும் வேதிப்பொருள் காபா. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளுட்டமேட்டிலிருந்துதான் மூளை காபாவையே தயாரிக்கிறது. காபா வந்து ஒட்டும் ஏற்பிகளில் முக்கியமானது காபா-ஏ. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு துளை. வாய்க்கால் மதகு மாதிரிதான். காபா ஒட்டியதும் மதகு திறந்து குளோரைடு உள்ளே பாயும். சாப்பாட்டு உப்பில் சோடியத்தோடு இருக்கிறதே, அதே குளோரைடு. சும்மா இருக்கும் நரம்பணுவின் உட்புற மின்னழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அது மைனஸ் 55 வரை ஏறினால்தான் அணு துடிக்கும். குளோரைடு எதிர்மின்சுமை கொண்டது. குளுட்டமேட் தள்ளினாலும் மின்னழுத்தத்தை அது எளிதில் ஏற விடாது.

அல்ப்ரசோலம் இந்த மதகைத் தானே திறக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. காபா ஒட்டும் இடத்தை அது தொடுவதே இல்லை. ஆல்ஃபா, காமா என்ற இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் போய் உட்காருகிறது. அப்புறம் காபா வரும்போது மதகு அடிக்கடி திறக்கிறது. வேலை செய்வது அம்மாவின் சொந்த காபாதான், மாத்திரை கூடமாட உதவுகிறது. பழைய பார்பிட்யூரேட் தூக்க மருந்துகள் அப்படியல்ல. அளவு மிஞ்சினால் காபா இல்லாமலே மதகைத் திறந்து மூச்சையே நிறுத்திவிடும். 1960-ல் அல்ப்ரசோலம் இனத்தின் முதல் மருந்தான குளோர்டயஸிபாக்சைடு சந்தைக்கு வந்தபின் அவை ஓரங்கட்டப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் மதுவோடு சேர்ந்தால் அல்ப்ரசோலமும் ஆபத்துதான்.

மாதக்கணக்கில் மதகு அதிகமாகத் திறந்தால் மூளை சும்மா இருக்காது. ஏற்பிகள் மந்தமாகும், உசுப்பும் பக்கம் கை ஓங்கும். மாத்திரை இருக்கும்வரை கணக்கு சரியாக இருக்கும். அல்ப்ரசோலம் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, மூன்றாம் நாள் மருந்து ஏறக்குறையக் காலி. மூளை எட்டு மாதத்தில் செய்துகொண்ட மாற்றமோ அப்படியே இருக்கிறது.

மிக்சி சத்தத்துக்கு வருகிறேன். தண்டுவடத்தில் அடக்கும் வேலையைப் பெரும்பாலும் கிளைசின் என்ற இன்னொரு பொருள் பார்க்கிறது. எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் அதன் ஏற்பியை அடைத்துவிடும். அந்த விஷம் ஏறியவருக்குக் கதவு சாத்தும் சத்தமே போதும், உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அம்மாவுக்கு நடப்பது அவ்வளவு கொடூரம் இல்லை, ஏற்பியும் வேறு. ஆனால் அடக்கும் பக்கம் தளர்ந்தால் சின்னச் சத்தம்கூட எப்படிப் பாயும் என்பது இதில் விளங்கும்.

மருத்துவர் அநேகமாகப் பழைய அளவையே மறுபடி தொடங்கி, அப்புறம் மெல்லக் குறைப்பார். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்பது பொதுவான வேகம். சிலருக்கு அதே இனத்தில் உடலில் நீண்ட நேரம் தங்கும் டயஸிபாமுக்கு மாற்றிக் குறைப்பதும் உண்டு. நீங்களாகப் பாதி, கால் என்று உடைத்துக் கொடுக்காதீர்கள்.

காபா மாத்திரையா? காசுக்குக் கேடு. விழுங்கிய காபா இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை.

குறைக்கும் அட்டவணையைத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லி, தினசரிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நடுக்கம் அடங்கும்வரை இரவில் பாத்ரூமுக்கு அம்மா தனியாகப் போக வேண்டாம்.